கீலாணி

களக்காட்டிலிருந்து ஞானசிகாமணி பெண் பார்க்க வந்தபோது, சேரன்மகாதேவியில் சாரம்மாள் வீட்டுக் கூடத்தில் அவர் கண்ணில் முதலில் பட்டது பெண் அல்ல. வேதப்புத்தக அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே மடித்து நிறுத்தியிருந்த சைக்கிள்தான். அதன் இரண்டு சக்கரங்களும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. சாக்கைப் போட்டாவது மூடியிருக்கலாம். சாரம்மாள் மூடவில்லை.

"அது என்னது அங்கன கெடக்கு?" என்று கேட்டார்.

"சைக்கிள்."

அது அவருக்கும் தெரியும். அம்பாசமுத்திரத்திலிருந்து களக்காடு வரைக்கும் அந்தச் சைக்கிளைப் பற்றிப் பேசாத சபை கிடையாது. அவர் களக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். சபைக் கமிட்டியில் அவர் சொல்லுக்கு எடை அதிகம். மகன் எலியேசர் அதே ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பாளையங்கோட்டையில் நடந்த ஒரு கூட்டத்தில் எலியேசர் சாரம்மாளின் மகள் கிரேஸைப் பார்த்து, தாய்மாமன் மூலம் வீட்டில் சொல்லிவைத்திருந்தான். கிரேஸுக்கும் அது தெரியும். அன்று அவள் விடியற்காலையிலேயே எழுந்து தலைவாரி, கருப்பட்டிக் காப்பி போட்டுத் தயாராக இருந்தாள்.

"பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு மயினி," என்றார் ஞானசிகாமணி. "ஒங்க வீட்டுக்காரரு வாத்தியாரா இருந்த காலத்துல அவருக்கு எங்க ஊர்ல இருந்த மதிப்பு ஒங்களுக்கே தெரியும். ஒண்ணே ஒண்ணுதான். இது வீட்ட விட்டுப் போவணும்."

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காதிய. பொம்பள இதுல ஏறி ஊரூராப் போவுதத எங்க பக்கத்துல சிரிச்சிப் பேசுதாவ. நாளைக்கி எம்மருமவளோட அம்மைன்னு சேத்துப் பேசுவாவ."

"அண்ணாச்சி மாட்டு வண்டியிலதான வந்திய?"

"ஆமா."

"மாட்ட இங்கன விட்டுட்டு நடந்து போங்கன்னு நான் சொன்னனா?"

ஞானசிகாமணி சிரிக்கவில்லை. காப்பியில் ஒரு வாய் குடித்திருந்தார். மீதியைக் குடிக்காமல் கீழே வைத்தார். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்ற கிரேஸ் அந்த டம்ளர் தரையில் பட்ட சத்தத்தைக் கேட்டாள்.

சாரம்மாள் கிராமத்துப் பெண் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் ஆசிரியை. புருஷன் காலராவில் போன பிறகு மிஷன் அவளுக்குக் கொடுத்த வேலை அது. ஆரம்பத்தில் வாடகை மாட்டு வண்டியில் போய்வந்தாள். எந்த ஊரில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை வண்டிக்காரன் தீர்மானித்தான். அவள் ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் நின்று, "அம்மா, மாடு நிக்கமாட்டேங்கு" என்பான். அந்த வார்த்தை அவள் கனவில்கூட வந்தது.

சப்-கலெக்டர் பங்களாத் தொழுவத்தில் மூலையில் கிடந்த சைக்கிளை அவள் பார்த்தது அப்போதுதான். பாலம் அளக்க வந்த ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போனது. பிரான்சு தேசத்துப் பட்டாளத்துக்காகச் செய்தது என்று காவல்காரன் சொன்னான். சிப்பாய் முதுகில் மாட்டிக்கொண்டு மலை ஏறுவானாம். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே உயரக் குறுக்குக் கம்பி இல்லை. தாழ்வாக ஒரே ஒரு தடித்த குழாய்தான் இருந்தது. அந்தக் குழாயின் நடுவில் ஒரு கீல். கீலுக்குள் ஒரு ஆணியைச் செருகினால் சைக்கிள் நேராக நிற்கும், உருவினால் கதவு மாதிரி மடிந்துவிடும். குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிளில் சேலை கட்டியவளும் ஏறலாம் என்று சாரம்மாளுக்கு அங்கேயே பட்டது. சீட்டுக்கடியில் நல்லபாம்பு ஒன்று குடியிருந்ததால், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று காவல்காரன் கொடுத்துவிட்டான்.

ஒரு மழைக்காலம் முழுக்க அதைச் சீர்செய்தாள். துருவை மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தாள். சங்கிலியைக் கழற்றி விளக்கெண்ணெயில் ஊறவைத்தாள். டயரும் ட்யூபும் மதராஸிலிருந்து ரயிலில் வந்தன. சேலை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்துக்குச் சணல் நூலில் வலை பின்னிக் கட்டினாள். கீலாணி மட்டும் தொலைந்துபோயிருந்தது. மேலப்பாளையத்தில் பூட்டும் விளக்கும் பழுது பார்க்கிற தாவூதிடம் போனாள்.

"பொம்பள ஏறப்போற வண்டிக்கு நான் ஆணி அடிச்சுக் குடுத்தேன்னு தெரிஞ்சா, எங்கிட்ட எவனும் பூட்டுக் கொண்டாரமாட்டான்," என்றார் தாவூது.

"அப்ப ஆம்பள ஏறப்போறாம்னு நெனச்சு அடிங்க பாய்."

அவர் அடித்துக் கொடுத்த ஆணி சில நாளிலேயே வளைந்துவிட்டது. சாரம்மாள் அதை எடுத்துக்கொண்டு திரும்பவும் போய், "ஆணி கேட்டா வெண்ணெய உருட்டிக் குடுத்திருக்கிய" என்று கடைத்தெருவில் நின்று சண்டை போட்டாள். தாவூதுக்கு வந்த கோபத்தில் ஒரு பழைய அரத்தைத் தீயில் இளக்கித் தட்டி, தொலைந்துபோகாதபடி குழாயோடு சேர்த்துக் கட்ட ஒரு கம்பிச் சங்கிலியும் வைத்து, அவள் கையில் கொடுக்காமல் தரையில் எறிந்தார். அந்த ஆணி அசையவே இல்லை.

குளத்து வெட்டாந்தரையில் விழுந்து எழுந்து ஓட்டப் பழகினாள். பிறகு சாலைக்கு வந்தாள். ரயிலில் போகிற நாளில் மடித்துக் கித்தான் பையில் போட்டுப் பெண்கள் பெட்டியில் பெஞ்சுக்கடியில் தள்ளிவிடுவாள். மணியாச்சியில் கலெக்டரைச் சுட்ட வருஷம் அது. ஸ்டேஷன் தோறும் போலீஸ் பையை அவிழ்க்கச் சொன்னது. இரும்பைப் பார்த்துப் பயந்து, அது சைக்கிள்தான் என்று நம்புவதற்காக அவளை அங்கேயே விரித்துக் காட்டச் சொல்வார்கள். ஆற்றுக்கு அக்கரை ஊர்களுக்குக் கோடையில் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடப்பாள். ஓர் ஊரில் பெரிய தெருவுக்குள் ஏறிப் போகக்கூடாது என்று மறித்தார்கள். இறங்கி, மடித்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள். அடுத்த முறை தூக்கிக்கொண்டும் போகக்கூடாது என்றார்கள். அதற்குப் பிறகு அந்த ஊருக்கு வயல் வரப்பு வழியாகப் போனாள். சாணி எறிந்தவர்கள் உண்டு. நாயை ஏவியவர்கள் உண்டு. ஞாயிறு ஆராதனையில், கோயிலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் பைய நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவள் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடங்களுக்காகத்தான் என்று கேட்டவர்களிடம் சொன்னாள். அது பாதி உண்மை. கன்னடியன் கால்வாய்க் கரையில் சாலை இறங்குமுகமாக ஓடுகிற இடம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பச்சை நெல். மேற்கே மலை. அங்கே மிதிக்கவே வேண்டாம். காதில் காற்று இரையும். முந்தானை பின்னால் பறக்கும். யாருடைய அம்மாவாகவும், யாருடைய விதவையாகவும் இல்லாமல் சாரம்மாள் அந்த இறக்கத்தில் போவாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய ஆளும் இல்லை.

கிரேஸிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் கிரேஸ் அந்தச் சைக்கிளைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். போர்டிங் பள்ளியில் மற்றப் பெண்கள் அவளுக்கு 'மடக்கு' என்று பேர் வைத்திருந்தார்கள்.

ஞானசிகாமணி போன பிறகு கிரேஸ் கூடத்துக்கு வந்தாள்.

"நான் வேணுமா, அது வேணுமா?"

"ரெண்டையும் நாந்தான் தூக்கி நிமித்துனேன். ரெண்டையும் விடமாட்டேன்."

"எனக்கு இத விட்டா வேற எடம் வராது. ஒங்களுக்கு அது தெரியும்."

"வர்ற எடம் வரட்டும். ஒரு இரும்பப் பாத்துப் பயப்படுத வீட்டுல நீ போயி என்னட்டி செய்யப்போற?"

"நீங்க யாருக்கும் பயப்படாததுனாலதான் நான் எல்லாருக்கும் பயப்படுதேன்," என்றாள் கிரேஸ். அதோடு அம்மாவும் மகளும் தேவைக்குமேல் பேசிக்கொள்ளவில்லை.

ஞானசிகாமணி இன்னொரு முறை வந்தார். மகன் பிடிவாதமாக இருந்ததால் வந்தார். சாரம்மாள் பின்கட்டில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் உட்காரக்கூட இல்லை. அதையே திரும்பக் கேட்டார். அவளும் அதே பதிலைச் சொன்னாள். போகும்போது வண்டியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "ஒருநா அதுவே ஒங்கள விட்டுட்டுப் போயிரும் மயினி" என்றார்.

அன்றிரவு சைக்கிள் மடிக்காமல் பின்கட்டிலேயே நின்றது. மறுநாள் காலை கால்வாய்க்கரை இறக்கத்தில், நல்ல வேகத்தில், அது நடுவில் மடிந்தது.

முன்சக்கரம் ஒரு பக்கமும் பின்சக்கரம் ஒரு பக்கமும் திரும்பியது அவளுக்கு நினைவிருக்கிறது. பிறகு கரைச்சரிவில் கிடந்தாள். வலது கை முழங்கைக்குக் கீழே வேறு திசையில் இருந்தது. நாற்று நட வந்த பெண்கள்தான் தூக்கினார்கள். அந்த நிலையிலும் சாரம்மாள் கீலைப் பார்த்தாள். இரும்பு ஆணி இல்லை. அதன் இடத்தில், அதே கம்பிச் சங்கிலியில் கட்டி, மரத்தில் செதுக்கிய ஒரு குச்சி பாதியாக முறிந்து நின்றது. கறுப்பாகத் தெரிய அதில் விளக்குக் கரியும் எண்ணெயும் பூசியிருந்தது.

எலும்பு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டு காய்வதற்குள் சாரம்மாள் வாடகை வண்டி பிடித்து சிங்கிகுளம் வழியாகக் களக்காட்டுக்குப் போனாள். ஜவுளிக்கடையில் கல்யாணத்துக்குத் துணி எடுக்க ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. அவர்கள் முன்னால் முறிந்த குச்சியைப் பட்டுச்சேலை மேல் போட்டாள்.

"ஒருநா விட்டுட்டுப் போயிரும்னு சொன்னியளே. இதுதானா அது?"

ஞானசிகாமணி குச்சியையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்லுதிய?"

"ஒங்க வண்டிக்காரன வச்சு ஆணிய மாத்திட்டியன்னு சொல்லுதேன். கால்வாய்க்குள்ள விழுந்திருந்தா நான் செத்திருப்பேன். கொலகாரன் வீட்டுக்கு எம்மவளக் குடுக்கமாட்டேன்."

ஞானசிகாமணி எழுந்தார். அவர் குரல் உயரவில்லை. "எம்மவனுக்குக் கிழிஞ்ச துணி உடுத்துத வீட்டுலகூடப் பொண்ணு எடுப்பேன். ஒங்க வீட்டுல எடுக்கமாட்டேன். எறங்குங்க கடைய விட்டு."

வீட்டுக்கு வந்து நடந்ததை மகளிடம் சொன்னாள். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு வந்த குரலில்தான் சொன்னாள். கிரேஸ் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு கையிலிருந்து நழுவி அரிசி தரையெல்லாம் சிதறியது.

"அவிய ஒண்ணும் செய்யல," என்றாள்.

சாரம்மாள் நின்றாள்.

"நாந்தான் செஞ்சேன். குச்சியச் செதுக்கி வச்சது நான். நீங்க வாசல்ல ஏறும்போதே ஒடிஞ்சிரும்னு நெனச்சேன். மணல்ல விழுவிய, பயந்துபோயி விட்டுருவியன்னு நெனச்சேன். அவ்வளவு தூரம் தாங்கும்னு எனக்குத் தெரியாது. வண்டி ஒடியணும்னுதான் நெனச்சேன். கை ஒடியணும்னு நெனக்கல."

"கை ஒடிஞ்சு வந்து கெடந்தனே. அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே. நேரா வண்டியப் பிடிச்சுப் போயிட்டிய."

சாரம்மாள் இடது கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் இருவருக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "ஆணி எங்க?" என்று மட்டும் கேட்டாள். கிரேஸ் அரிசிப் பானைக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த சில நாட்கள் அந்த வீட்டில் ஒரு விசித்திரமான வேலை நடந்தது. சாரம்மாளுக்கு ஒரு கைதான் இருந்தது. ஆகவே வளைந்த சைக்கிளைக் கிரேஸை உட்காரவைத்துச் சீர்செய்தாள். சக்கரத்தைச் சுற்றவிட்டு, வளைந்த இடம் எது என்று சுண்ணாம்பால் கோடு போடச் சொன்னாள். எந்தக் கம்பியை இறுக்க வேண்டும், எதைத் தளர்த்த வேண்டும் என்று சொன்னாள். கிரேஸ் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். அவள் கை நிதானமானது. சக்கரம் ஆட்டமில்லாமல் சுழன்றபோது சாரம்மாள், "இன்னுங்கொஞ்சம் இறுக்கு" என்றாள். அதற்குத் தேவையே இல்லை. கிரேஸுக்கும் அது தெரிந்தது. ஆனாலும் இறுக்கினாள். கண்ணீர் சணல் வலைமேல் விழுந்ததை இருவரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

வேலை முடிந்ததும் சாரம்மாள், "கெளம்பு. களக்காட்டுக்குப் போவணும்" என்றாள்.

"நான் எதுக்கு?"

"நீ கெடுத்தத நீ வந்து பாரு."

களக்காட்டில் கிரேஸை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டுச் சாரம்மாள் கடை வாசலில் போய் நின்றாள். அன்று பள்ளிக்கூடம் இல்லாத நாள். எலியேசர் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் கடைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவளுக்கு அது வசதியாகவே இருந்தது.

"அண்ணாச்சி, அன்னைக்கு இங்கன நின்னு நான் சொன்னது தப்பு. யாரும் ஆணிய மாத்தல. ஆணி தொலஞ்சுபோச்சுன்னு நாந்தான் மரக்குச்சிய வச்சு ஓட்டுனேன். மன்னிச்சிருங்க."

ஞானசிகாமணி கையிலிருந்த முழக்கோலைக் கீழே வைத்தார். பிறகு, "நாலு பேரு முன்னால என்னக் கொலகாரன்னு சொன்னிய" என்றார்.

"சொன்னேன். இப்ப அதே நாலு பேரு முன்னாலதான் தப்புன்னும் சொல்லுதேன்."

"அப்ப அந்தச் சனியனக் கொண்டாந்து இந்த வாசல்ல போடுங்க. நான் எல்லாத்தையும் மறந்துருதேன். தேதி குறிப்போம்."

"நான் மன்னிப்புத்தான் கேக்க வந்தேன். அத வச்சுப் பேரம் பேச வரல."

"அப்ப நீங்க போவலாம்."

வண்டியின் பின்பக்கத் தட்டி அசைந்தது. கிரேஸ் இறங்கிவந்தாள். ஒரு பெண், பேசி முறிந்த மாப்பிள்ளை வீட்டுக் கடை வாசலில் தானாக வந்து நிற்பதை அந்தத் தெரு பார்த்ததில்லை.

"எங்கம்ம பொய் சொல்லுதாவ," என்றாள். "ஆணிய எடுத்துட்டுக் குச்சி வச்சது நான். ஒங்க வீட்டுக்கு வரணும்னு ஆசப்பட்டு வச்சேன்."

ஞானசிகாமணியின் முகம் மெல்ல மாறியது. அவருக்கு இப்போது கோபமில்லை. ஒரு பாரம் இறங்கினவர் மாதிரி இருந்தார். "பெத்த தாயோட கைய ஒடிச்சவ," என்றார் சாரம்மாளைப் பார்த்து. "இதையா எங்க தலையில கட்டப் பாத்திய?"

"அவள ஒண்ணும் சொல்லாதிய," என்றாள் சாரம்மாள். அதுவரை தாழ்ந்திருந்த குரல் பழைய இடத்துக்கு ஏறியது. "அவ ஒடிச்சது எங்கைய. ஒங்க கைய இல்ல. அதுக்கு அவள ஏச எனக்கு உரிம இருக்கு. ஒங்களுக்கு என்ன இருக்கு?"

கிரேஸ் அம்மாவையும் பார்க்கவில்லை, ஞானசிகாமணியையும் பார்க்கவில்லை. உள்ளே நின்ற எலியேசரைப் பார்த்தாள். அவன் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தான். தலை நிமிரவில்லை. அவள் திரும்பி வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வழியில் சாரம்மாள் கேட்டாள். "ஏன் எறங்குன?"

"எனக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாம்."

"ஒனக்காகச் சொல்லல. எம்மானத்துக்காகச் சொன்னேன்."

"அதுக்கும் வேண்டாம்."

அறுப்பு முடிந்த சமயத்தில் ஒரு சாயங்காலம் எலியேசர் சேரன்மகாதேவிக்கு வந்தான். சாரம்மாள் அவனை உட்காரச் சொல்லவில்லை. கிரேஸைக் கூப்பிட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். ஆனால் கதவைச் சாத்தவில்லை.

"அன்னைக்கு ஏன் வாயத் தொறக்கல?" என்று கிரேஸ் கேட்டது அவளுக்குக் கேட்டது.

"அப்பாக்குப் பயம்."

"இப்ப?"

"இப்பவும் பயந்தான். வந்துட்டேன்."

பின்கட்டில் நின்ற சாரம்மாளுக்கு அவனைப் பிடிக்கவில்லை. ஆனால் வந்துவிட்டேன் என்று அவன் சொன்ன விதத்தில் குறை சொல்ல அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

கல்யாணம் சேரன்மகாதேவி கோயிலில் நடந்தது. களக்காட்டிலிருந்து யாரும் வரவில்லை. ஞானசிகாமணி அந்த மகனைத் தனக்கு இல்லையென்று சபையில் எழுந்து நின்று சொன்னதாகச் செய்தி வந்தது. எலியேசர் மாற்றல் கேட்டுத் திசையன்விளைக்குப் போனான். கிரேஸும் போனாள். புறப்படும்போது அம்மாவின் காலைத் தொட்டாள். சாரம்மாள் அவள் தலையில் இடது கையை வைத்தாள். வலது கை முழுவதும் நீளவில்லை. எலும்பு கோணலாகத்தான் சேர்ந்திருந்தது.

அதற்கடுத்த வருஷம் திசையன்விளைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களையும் சாரம்மாளைப் பார்க்கச் சொன்னார்கள். அவளே கேட்டுத்தான் வாங்கினாள் என்றும் பேச்சுண்டு. வழியில் ஊர் ஊராகத் தங்கிச் சைக்கிளில் போனாள். நெல் முடிந்து பனை தொடங்கியது. மண் சிவந்தது. தேரிச் செம்மணல் மேட்டில் சக்கரம் புதைந்த இடங்களில் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மகள் வீட்டு வாசலுக்கு வந்தபோது அவளும் சைக்கிளும் ஒரே நிறமாக இருந்தார்கள்.

கிரேஸ் ஆறு மாசக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. தெருவை ஒரு முறை பார்த்தாள்.

"அத வாசல்ல வைக்காதிய. ஆளுக பாக்கும்."

சாரம்மாள் சைக்கிளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டு வந்தாள். கிரேஸ் சோறு போட்டாள், கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். சாரம்மாள் சாப்பிட்டுக்கொண்டே குழந்தையைக் கொடு என்று கையை நீட்டினாள். கிரேஸ் கொடுக்கவில்லை.

"மொதல்ல சாப்பிடுங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "கை எப்படி இருக்கு?"

"மழைக்கு வலிக்கும்."

"அப்ப மழைக்கு ஏறாதிய."

சாரம்மாள் சோற்றைப் பிசைந்தாள். ஏறுவாள் என்று இருவருக்கும் தெரியும். கிரேஸ் இன்னொரு அகப்பை சோறு வைத்துவிட்டு, குழந்தையை அம்மா பக்கத்தில் பாயில் கிடத்தினாள். பிறகு அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.